வண்டியே வீடாக ஒன்பது நாள்: பழனி மலையை ஒரு சுற்று

தாண்டிக்குடியில் முதல் இரவு முழுக்க நான் சறுக்கிக்கொண்டே இருந்தேன். வண்டிக்குள் பலகை, பலகை மேல் மெத்தை, மெத்தை மேல் நான். மெத்தையும் நானும் சேர்ந்து பின்கதவை நோக்கி அங்குலம் அங்குலமாக இறங்கினோம். நள்ளிரவில் கால் இரண்டும் கதவில் முட்டி நின்றன. எழுந்து மேலே ஏறிப் படுப்பேன். அரைமணி நேரத்தில் மறுபடி கதவு. நிறுத்தும்போது தரை சமமாகத்தான் தெரிந்தது. மலையில் சுற்றிலும் எல்லாமே சரிந்து கிடப்பதால் கண் ஏமாந்துவிடுகிறது. மறுநாள் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டில் தண்ணீர் ஊற்றி வண்டித் தரையில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அந்தப் பக்கத்துச் சக்கரத்தை ஒரு பலகைத் துண்டின் மேல் ஏற்றினேன். அன்றிலிருந்து தட்டைப் பார்க்காமல் மெத்தையை விரிக்கவில்லை. முழுக்கச் சரிசெய்ய முடியாத இடமாக இருந்தால், தலை மேட்டுப் பக்கம் வரும்படி வண்டியைத் திருப்பி நிறுத்த வேண்டும். தலை தாழ்ந்து கிடந்தால் காலையில் மண்டை கனக்கும்.

எனக்கு வயது 51. ஊர் திண்டுக்கல். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டவள். எங்கள் மொட்டைமாடியில் நின்றால் மேற்கே பழனி மலை தெரியும். மழைநாளில் அடிவாரம் முழுக்க மேகம் படிந்து, முகடு மட்டும் நீலமாக மிதக்கும். சின்ன வயதிலிருந்தே எனக்கு அது கடல் நடுவே நிற்கும் தீவாகத்தான் தெரிந்திருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே கிளைத்துச் சமவெளிக்குள் நீண்டு நிற்கும் மலை இது. உச்சியில் உள்ள சோலைக்காடுகளையும் புல்வெளிகளையும் சூழலியலாளர்களும் வானத் தீவுகள் என்றுதான் சொல்கிறார்கள். சுற்றிலும் வெக்கையான சமவெளி. அதைக் கடக்க முடியாத செடியும் பறவையும் அந்த உயரத்திலேயே தங்கிவிட்டன.

கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஏரி, பாறை, லாட்ஜ், திரும்ப பஸ். அப்படித் தொட்டுவிட்டு வருவது எனக்குப் போதவில்லை. ஒரு பக்கம் ஏறி, ஊர் ஊராகத் தங்கி, மறுபக்கம் இறங்க வேண்டும் என்று பல வருட ஆசை. சித்தரேவு, பெரும்பாறை வழியாகக் கீழ்மலைக்கு ஏறித் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெருமாள்மலை; கொடைக்கானலைத் தாண்டி மேல்மலையில் பூம்பாறை, மன்னவனூர், கிளாவரை; பிறகு வடகவுஞ்சி வழியாகப் பழனிக்கு இறக்கம். வீடு திரும்பியபோது மீட்டர் 360 கி.மீ. கூடியிருந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது ஒன்பது நாள், எட்டு இரவு. என் கணவருக்கு முதுகெலும்புத் தேய்மானம், மலைப்பாதை ஆகாது. மகள் வேலைக்குப் போகிறாள். துணை கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் மலை அங்கேயே இருக்கும், என் முழங்கால் இருக்காது. தனியாகவே போனேன்.

2025 மாசி முதல் வாரத்தில் கிளம்பினேன். இதில் ஒரு கணக்கு இருந்தது. தை மாதம் பழனிச் சாலை முழுக்கப் பாதயாத்திரைக் கூட்டம். தைப்பூசம் ஓய்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் வண்டியை இறக்க முடியும். வடகிழக்குப் பருவமழை முடிந்து சாலை காய்ந்திருக்கும். கோடைக் கூட்டமும் இன்னும் ஏறியிருக்காது.

வண்டி ஐந்து பேர் உட்காரும் பழைய பெட்ரோல் வேன். கேரவன் என்றதும் குளியலறை, சமையல் மேடை, ஏசி வைத்த பெரிய பஸ்ஸைத்தான் பலரும் நினைக்கிறார்கள். அந்த அளவு வண்டி தாண்டிக்குடிச் சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவைக்கூட ஒரே திருப்பில் தாண்டாது. சின்ன வண்டிதான் மலைக்கு ஏற்றது. பின் இருக்கையை மடக்கி, அதன் மேல் ஆறடி நீளம் மூன்றடி அகலத்தில் ஒரு பிளைவுட் பலகை. கீழே இரண்டு தகரப் பெட்டி. பலகையைத் தூக்கி வெளியே வைத்தால் பழையபடி கார். கூரையை அறுத்து, இருக்கையைப் பெயர்த்து, வண்டியின் அமைப்பையே மாற்றிக்கொள்ளும் ஆசை எனக்கும் இருந்தது. ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ளதற்கு மாறாக அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு தடுக்கிறது. விபத்து நடந்தால் காப்பீட்டிலும் சிக்கல் வரும். கழற்றி மாட்டக்கூடிய பலகைக்கு அந்த வம்பு இல்லை.

எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்கும் கேள்விக்கு வருகிறேன். கழிப்பறைக்கு என்ன செய்தேன்? பகலில் பஸ் நிலையக் கட்டணக் கழிப்பறை, தங்கிய வீடுகளின் கழிப்பறை. இரவுக்கு மூடி போட்ட 20 லிட்டர் வாளி. அய்யம்பாளையம், வத்தலக்குண்டு பக்கமெல்லாம் தென்னந்தோப்பு. அங்கே தேங்காய் நார்க்கழிவு ஒரு மூட்டை வாங்கிக்கொண்டேன். வாளியின் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு அதைப் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை அள்ளித் தூவினால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், வாடை எழும்பாது. கொட்டுவதற்கு மலையில் இடம் தேடக் கூடாது. மேலே ஓடும் ஒவ்வொரு ஓடையும் கீழே யாரோ ஒருவரின் குடிநீர். நான் மூடியை இறுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து தோட்டத்துக் குழியில் மண்ணோடு மூடினேன். இதற்கு வழி செய்யாமல் ஒரு பெண் தனியாக வண்டியில் கிளம்பவே கூடாது. இருட்டில் புதருக்குப் போவதுதான் மலையில் செய்யக்கூடிய மிக ஆபத்தான காரியம்.

சித்தரேவு தாண்டியதும் ஏற்றம். சாலை பல இடங்களில் ஒரு பஸ் அகலம்தான். பெரும்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில் அரசு பஸ் இறங்கி வந்தது, அதன் பின்னால் இரண்டு பிக்கப் வண்டிகள். மலைச்சாலையில் ஏறி வரும் வண்டிக்குத்தான் இறங்கும் வண்டி வழி விட வேண்டும், அது விதி. ஆனால் பஸ்ஸுக்குப் பின்னால் போக இடமே இல்லை. ஏறும்போதே சாலை அகலமாக இருக்கும் இடங்களை மனதில் எண்ணிக்கொண்டு வா என்று எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் சொல்லி அனுப்பியிருந்தார். கடைசி அகலம் அறுபது எழுபது மீட்டருக்குப் பின்னால். பஸ் கண்டக்டர் விசிலோடு இறங்கி வந்து என் வண்டியின் பின்னால் நின்றார். வலப்பக்கம் பள்ளம். அவர் வண்டி முதுகை உள்ளங்கையால் தட்டிக்கொண்டே நடந்தார். தட்டு கேட்கும்வரை வரலாம், நின்றால் நிற்க வேண்டும். கண்ணாடியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் தட்டை மட்டும் கேட்டேன். பஸ் ஓரமாக நழுவிப் போனபோது டிரைவர், "பார்த்துப் போங்கள் அக்கா, மேலே இன்னொரு வண்டி பாச்சலூரிலிருந்து வரும்" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊரிலும் டீக்கடையில் நான் முதலில் விசாரித்தது பஸ் நேரம்தான். பஸ் இறங்கும் நேரத்தில் ஏறாமல், ஏறும் பஸ்ஸின் பின்னாலேயே போனால் பாதி கவலை தீர்ந்துவிடும். எதிரே வருபவர்களை அந்த பஸ்ஸே ஒதுக்கிவிடும்.

தாண்டிக்குடியில் இரண்டாம் இரவுதான் தங்குவது எப்படி என்று கற்றுக்கொண்டேன். முதல் நாள் யாரையும் கேட்காமல், இருட்டிய பிறகு, சாலையோரம் கொஞ்சம் அகலமாகத் தெரிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். அதுதான் அந்தச் சறுக்கல் இரவு. இரண்டு முறை பைக்குகள் வேகத்தைக் குறைத்து, வண்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போயின. அவர்கள் மேல் தவறில்லை. ஊருக்குள் தெரியாத வண்டி, கறுப்புத் திரை, உள்ளே ஆள் நடமாட்டம். நானாக இருந்தாலும் பார்ப்பேன். படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாம் வண்டிக்குள் இருப்பதால் யார் தயவும் வேண்டாம் என்று நினைத்துக் கிளம்பியவள் நான். அந்த நினைப்பு ஒரே இரவில் போய்விட்டது. வீடு வண்டிக்குள் இருக்கலாம், அது நிற்கும் மண் ஊருக்குச் சொந்தமானது. கேட்காமல் படுத்தால் தூக்கம் வராது.

கேட்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. மாலை நான்கு மணிக்குள் கேட்க வேண்டும்; வெளிச்சத்தில் முகம் தெரிகிறபோது மனிதர்களுக்கு நம்பிக்கை வரும். கடையில் டீயோ காய்கறியோ வாங்கிவிட்டு, கடைக்காரரிடமோ அங்கிருக்கும் வயதான பெண்ணிடமோ பேச்சுக் கொடுக்க வேண்டும். "இரவு தங்க இடம் கிடைக்குமா?" என்று கேட்டால் லாட்ஜுக்குத்தான் வழி சொல்வார்கள். "வண்டியை நிறுத்திக்கொள்ள இடம் வேண்டும், வண்டிக்குள்ளேயே படுத்துக்கொள்வேன், காலையில் கிளம்பிவிடுவேன், இது என் ஆதார் அட்டை" என்று முழுதாகச் சொல்ல வேண்டும். அட்டையை அவர்கள் கேட்பதற்கு முன்பே நீட்டிவிட வேண்டும். வண்டிக்குள் எட்டிப் பார்க்க விரும்பினால் கதவைத் திறந்து காட்ட வேண்டும். எட்டு இரவில் ஒருவர்கூட மறுக்கவில்லை. இரண்டு இடங்களில் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

அப்படிக் கிடைத்தது ஒரு காப்பித் தோட்டத்தின் உலர்களம். சிமெண்டுத் தரை, அந்த வட்டாரத்தில் நான் பார்த்த ஒரே சமதளம். பறித்த பழம் களம் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. நன்றாகக் காய்ந்தது கறுத்துச் சுருங்கியும், புதியது செந்நிறமாகப் பிசுபிசுத்தும் பத்தி பத்தியாக இருந்தன. வேலை செய்த அம்மா ஒரு கைப்பிடி எடுத்து என் காதருகே குலுக்கினார். உள்ளே விதை கலகலவென்று ஆடியது. அந்தச் சத்தம் வந்தால் மூட்டை கட்டலாம், வராவிட்டால் இன்னும் வெயில் வேண்டும் என்றார். மாலையில் எல்லாவற்றையும் குவித்துத் தார்ப்பாய் மூடும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். புளித்த பழத்தின் இனிப்பு வாசனையோடு அன்று தூங்கினேன், ஒரு அங்குலம்கூட இறங்காமல். இடத்துக்குப் பணம் வாங்க மறுத்தார்கள். காப்பித்தூளும் மிளகும் அவர்களிடமே விலைக்கு வாங்கிக்கொண்டேன். அந்தக் காசை யாரும் மறுக்கவில்லை. மற்ற ஊர்களிலும் அதையே செய்தேன்.

காலையில் கண் விழித்தால் முகத்தில் சொட்டு. மழை என்று நினைத்தேன். வெளியே பளீரென்று வெயில். என் மூச்சுதான் கூரைத் தகரத்தில் குளிர்ந்து தண்ணீராகி விழுந்துகொண்டிருந்தது. கண்ணாடிகள் எல்லாம் வழிந்தன, மெத்தையின் அடிப்பக்கம் ஈரம். குளிருக்குப் பயந்து எல்லாக் கண்ணாடியையும் இறுக்கி மூடியதுதான் காரணம். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு கண்ணாடிகளை இரண்டு விரல் அளவு இறக்கி, கொசுவலைத் துணியைக் காந்தத்தால் ஒட்டினேன். மெத்தைக்கும் பலகைக்கும் நடுவே தென்னை நார்ப் பாய் விரித்தேன். ஈரத்துண்டை உள்ளே காயப்போடுவதை நிறுத்தினேன். அதற்குப் பிறகு கண்ணாடியில் மெல்லிய பூத்தல் மட்டும்தான்.

காற்றுக்கு வழி விடுவதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்ல வேறு காரணமும் உண்டு. மூன்றாம் இரவு பெருமாள்மலைக்கு அருகே ஒரு வீட்டு முற்றம். குளிர் ஏறியதும் வீட்டுப் பெரியவர் இரும்புச் சட்டியில் தணல் போட்டுக் கொண்டுவந்து, "உள்ளே வைத்துக்கொள்ளம்மா, கதகதப்பாக இருக்கும்" என்றார். அவ்வளவு அன்போடு கொடுத்ததை மறுப்பது கஷ்டமாக இருந்தது. மறுத்தேன். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. மூடிய இடத்தில் தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். அடுப்புக் கரியை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்கி இறந்தவர்களைப் பற்றிச் செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருக்கிறோம். பெரியவரிடம் அதைச் சொன்னேன். சட்டியை முற்றத்தில் வைத்து இருவருமாகக் கை காய்ந்தோம். படுக்கும்போது எவர்சில்வர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, பழைய காலுறைக்குள் போட்டுக் காலடியில் வைத்துக்கொண்டேன். விடியும்வரை சூடு இருந்தது. சமையலும் எப்போதும் வெளியே, பின்கதவைத் தூக்கிவிட்டு அதன் நிழலில்தான்.

சமையல் என்றதும் ஒன்று. 7,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வந்ததும் வெந்துவிட்டது என்று நினைத்தால் பருப்பு கல்லாகவே கிடக்கும், கேஸும் வீணாகும். மூன்று லிட்டர் குக்கர் இருந்தால் போதும்.

பெருமாள்மலையில் தங்கிய அந்த மூன்றாம் இரவே காட்டெருமையும் வந்தது. பதினொரு மணி இருக்கும். கனமான மூச்சு, பிறகு வண்டி மெல்ல ஆடியது. திரை இடுக்கில் பார்த்தால் கறுப்புச் சுவர் ஒன்று கண்ணாடியை அடைத்துக்கொண்டு நின்றது. விளாப்பக்கம் உயர்ந்து தாழ்வது தெரிந்தது. கொம்பைத் தேய்த்ததா, உடம்பைத் தேய்த்ததா, தெரியவில்லை. டார்ச் அடிக்கவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, கதவுப் பூட்டைக்கூடத் தொடவில்லை. பெரியவர் முன்பே சொல்லியிருந்தார்: அதற்கு நாம் இருப்பது தெரியும், அவசரப்படுத்தினால்தான் முட்டும். கால்மணி நேரத்தில் போய்விட்டது. காய்கறித் தோலை முற்றத்து ஓரத்தில் போட்டிருந்தது என் தவறு. அன்றிலிருந்து கழிவு எல்லாம் மூடி போட்ட டப்பாவுக்குள். கீழ்மலையில் பெரும்பாறை, பாச்சலூர் பக்கம் யானையும் உண்டு. அங்கே இருட்டிய பிறகு வண்டியை நகர்த்தவே கூடாது என்று ஊர்க்காரர்கள் சொல்வதை அப்படியே கேட்க வேண்டும்.

கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். வீட்டிலேயே எடுத்து, போனில் படமாகவும் தாளில் அச்சாகவும் வைத்துக்கொள்வது நல்லது. நான் போய்வந்த பிறகு, 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று வரம்பும் வைத்தார்கள். சிலர் இதைத் தொல்லை என்கிறார்கள். கோடை விடுமுறையில் பெருமாள்மலையிலிருந்து ஏரி வரை ஊர்ந்திருக்கிறவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. நான் 20 லிட்டர் கேனும் ஒரு செம்புக் குடமும் வைத்துக்கொண்டேன். நகரத்தில் பெட்ரோல் நிரப்பினேன், ஏடிஎம்மில் பணம் எடுத்தேன், டயர் காற்றைப் பார்த்தேன், கிளம்பிவிட்டேன். அந்த நகரத்தைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

பூம்பாறையை மேலிருந்து பார்த்தபோது வண்டியை ஓரம்கட்டி இறங்கிவிட்டேன். படிப்படியாக வெட்டிய வயல்கள், நடுவே நெருக்கி அடுக்கிய ஓட்டு வீடுகள், குழந்தை வேலப்பர் கோவில். மூலவரைப் போகர் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. ஊருக்குள் தெருக்கள் குறுகல். வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்துதான் போக வேண்டும். எனக்கு இடம் கொடுத்த அக்கா பூண்டு விவசாயம் செய்கிறவர். புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு இவர்கள் கையில்தான் விளைகிறது. அடுப்படிக்குள் கூப்பிட்டு அண்ணாந்து பார்க்கச் சொன்னார். அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் கழிகள் குறுக்கே கட்டிய பரண். கழி கழியாகப் பூண்டுக் கொத்துகள், தாளோடு சேர்த்து முடிச்சிட்டுத் தொங்கின. கீழ் வரிசை தேன் நிறத்தில் பளபளத்தது. மேல் வரிசை கரி படிந்து கருவேலம்பட்டை போல இருந்தது. தினமும் சமைக்கும் புகையே மருந்து, பூச்சி அண்டாது, முளை கிளம்பாது, அடுத்த விதைப்பு வரை அப்படியே இருக்கும் என்றார். ஒரு கரிய பூண்டைக் கட்டைவிரலால் நசுக்கிப் பிரித்தார். உள்ளே பல் வெள்ளை வெளேரென்று, சாறு விரலில் ஒட்டியது. ஒரு நாள் என்று வந்தவள் இரண்டு நாள் தங்கியது அந்த அடுப்படிக்காகத்தான்.

"தனியாகவா வந்தாய்?" என்று ஒன்பது நாளில் நூறு பேர் கேட்டிருப்பார்கள். யாருக்கு என்ன பதில் என்பதில் நான் தெளிவாக இருந்தேன். வழியில் பார்க்கிறவர்களிடம், பெட்ரோல் பங்கில், காட்சி முனையில், "தம்பி பின்னால் வண்டியில் வருகிறான்" என்பேன். தங்குகிற வீட்டில் உண்மையைச் சொல்வேன். அந்த வீட்டாரின் போன் எண்ணை வாங்கி மகளுக்கு அனுப்பிவிடுவேன். மேல்மலையில் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அதனால் முன்பே ஒரு பேச்சு: மறுநாள் மதியம் வரை என்னிடமிருந்து தகவல் இல்லை என்றால் பதறக் கூடாது, மதியத்துக்கு மேல் அந்த வீட்டு எண்ணைக் கூப்பிட வேண்டும், அதுவும் கிடைக்காவிட்டால் 112. படங்களை ஊர் திரும்பிய பிறகுதான் வெளியிட்டேன். வண்டி எப்போதும் மூக்கு வெளியே பார்த்து நிற்கும், ஓட்டுநர் இருக்கையில் எந்தச் சாமானும் இருக்காது, சாவி தலைமாட்டில் ஒரே ஆணியில் தொங்கும். ஒரு முறைகூட அவசரமாகக் கிளம்ப வேண்டி வரவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு இருந்ததால்தான் தூங்கினேன்.

மன்னவனூரில் கண் எட்டும் தூரம் புல்மேடு. மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது, பாரத் மெரினோ என்ற கம்பளி ஆடுகள் மேய்வதைப் பார்க்கலாம். அங்கிருந்து கிளாவரைக்கு ஒரு பகல் போய் வந்தேன். சாலை அங்கே முடிகிறது. அப்பால் கேரளத்துக் கிராமங்களுக்கு நடைபாதைதான். சாலை முடியும் இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் விடியற்காலை சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இரவு டைரி எழுதிவிட்டு உள்விளக்கை அணைக்காமல் தூங்கியிருக்கிறேன். போன் சார்ஜரும் அதே பேட்டரியில். குளிரில் பேட்டரியின் பலம் இன்னும் குறையும். நல்ல வேளையாகப் பக்கத்திலேயே காரட் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பிக்கப் டிரைவர் தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "தள்ள வேண்டாம் அம்மா, கம்பி இருக்கிறது" என்று ஜம்பர் கேபிளோடு வந்தவர், என்னையே மாட்டச் சொன்னார். சிவப்பு முனையை இறந்த பேட்டரியின் கூட்டல் முனையில், மறுமுனை அவர் பேட்டரியின் கூட்டலில். கறுப்பு முதலில் அவர் பேட்டரியின் கழித்தலில், கடைசி முனை மட்டும் என் பேட்டரியில் வேண்டாம், எஞ்சினில் வர்ணம் இல்லாத இரும்பில். பேட்டரிக்குப் பக்கத்தில் தீப்பொறி வரக் கூடாது என்பதற்காக அப்படி. அவர் வண்டியை ஐந்து நிமிடம் ஓடவிட்டு என் சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது. கழற்றும்போது தலைகீழ் வரிசை. பிறகு அரைமணி நேரம் எஞ்சினை அணைக்காமல் ஓட்டச் சொன்னார். வீடு திரும்பியதும் முதல் வேலையாக ஒரு கேபிள் வாங்கினேன். விளக்குக்கும் போனுக்கும் தனியாக ஒரு பவர் பேங்க். வண்டி பேட்டரியில் இனி கை வைப்பதில்லை.

மேல்மலைக் காட்டின் பெரும்பகுதி 2013இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. காட்டுச்சாலையோரம் எவ்வளவு அழகான இடம் கண்ணில் பட்டாலும் அங்கே இரவு தங்க நமக்கு உரிமை இல்லை. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதிச் சீட்டு வாங்கிப் பகலில் மட்டும் போய் வரலாம். மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும். ஒரு தீக்குச்சி போதும், மலையே எரியும். அடுப்பு மூட்டிய இடத்தில் தண்ணீர் ஊற்றி, கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நான் கிளம்புவேன்.

வடகவுஞ்சியில் கடைசி இரவு. காலையில் பழனிக்கு இறக்கம். ஏறுவதை விட இறங்குவதுதான் கடினம் என்று எல்லோரும் சொன்னார்கள். நான் அதைக் காதில் வாங்கினேன், காலில் வாங்கவில்லை. மூன்றாம் கியரில் பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். சவரிக்காட்டை நெருங்கும்போது கருகல் வாடை. சமையல் பாத்திரம் என்று நினைத்துப் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அடுத்த வளைவில் பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போனது, பஞ்சை மிதிப்பது போல. வயிறு சில்லிட்டது. இரண்டாம் கியர், பிறகு முதல் கியர், மலைப்பக்கம் ஒதுங்கி, கை பிரேக்கை மெல்ல இழுத்து நிறுத்தினேன். சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோக முடியவில்லை, அனல். தண்ணீர் ஊற்றத் தோன்றியது; ஊற்றியிருந்தால் டிஸ்க் கோணியிருக்கும். முக்கால் மணி நேரம் தானாக ஆறட்டும் என்று உட்கார்ந்தேன். மிச்ச இறக்கம் முழுக்க இரண்டாம் கியர்தான். எந்த கியரில் ஏறுவோமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் தேய்க்காமல், வளைவுக்கு முன் ஒரு முறை அழுத்திப் பிடித்து, உடனே விட்டுவிட வேண்டும். ஊர் திரும்பியதும் மெக்கானிக் பிரேக் ஆயிலை எடுத்துக் காட்டினார், டீ டிகாஷன் நிறம். வருடக் கணக்கில் மாற்றாமல் விட்டால் அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சூடேறினால் சீக்கிரம் கொதித்துவிடும், பெடல் பஞ்சாகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியதை நான் நான்கு வருடமாகத் தொடவில்லை. மலைக்குப் போவதற்கு முன் டயரைப் பார்த்தேன், மெத்தையைப் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

இன்னொன்று, நின்ற இடத்தில் சக்கரத்துக்கு அண்டை கொடுத்த கல்லைக் கிளம்பும்போது எடுத்து ஓரம் போட்டுவிட வேண்டும். நான் இறங்கிய வழியில் மட்டும் ஏழெட்டு இடத்தில் சாலை நடுவே அப்படிக் கல் கிடந்தது. பனியில் பைக்கில் வருகிறவனுக்கு அது தெரியாது. நான்கைந்து கற்களை இறங்கித் தள்ளிவிட்டு வந்தேன்.

வீட்டில் சாமான்களை இறக்கியபோது தண்ணீர் பார்க்கும் தட்டைக் காணவில்லை. வடகவுஞ்சி வீட்டுத் திண்ணையில் கழுவிக் கவிழ்த்தது நினைவுக்கு வந்தது. அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "தட்டு இங்கேதான் இருக்கிறது தாயி. ஆவணியில் மேகம் இறங்கும்போது வா, எடுத்துக்கொள்ளலாம்" என்றார். வந்தால் நான்கு பிளைவுட் துண்டும் கொண்டு வருகிறேன், உங்கள் முற்றம் இடப்பக்கம் சரிகிறது என்றேன்.